காருக்குள் ஒரு கணிப்பொறி: பதினைந்து ஆண்டு தாங்குமா?

தாம்பரத்திலிருந்து தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிக் கார்த் தொழில் வளர்ந்திருப்பதை வாசகர்கள் அறிவர். மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை. அதற்கும் தெற்கே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் மகிந்திராவின் ஆராய்ச்சி நிலையமும், ரெனோ-நிசான் நிறுவனங்களின் தொழில்நுட்ப மையமும். மேற்கே திரும்பினால் ஒரகடம். அதையும் தாண்டி, திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். இருபது ஆண்டுகளுக்கு முன் இவ்விடங்களில் வேலை என்றால் லேத்து, வெல்டிங், வண்ணப்பூச்சு என்பனவே நம் நினைவுக்கு வரும். இன்று காரின் முன்பலகையில் ஒளிரும் திரைக்கு நிரல் எழுதுவதும் அத்தொழிலின் ஒரு பெரும் பகுதி ஆகிவிட்டது. அஸ்தினாபுரம், குரோம்பேட்டைப் பக்கமிருந்து நாள்தோறும் அவ்வேலைக்குச் சென்று வருவோர் பலர்.

அந்தத் திரை செய்யும் பணிகள் பல. பாட்டுப் பாடுகிறது, வழி காட்டுகிறது, செல்பேசியுடன் பேசுகிறது, வண்டியைப் பின்னுக்கு எடுக்கையில் பின்புறக் காட்சியைக் காட்டுகிறது. காருக்குள்ளேயே ஒரு சிம் பதிக்கப்பட்டிருப்பதால் அது எப்போதும் வெளியுலகுடன் தொடர்பில் இருக்கிறது. 2019 மே மாதம் ஹூண்டாய் வெளியிட்ட வென்யூ, 'புளூலிங்க்' என்னும் இத்தகைய இணைப்பு வசதியுடன் வந்தது. அதன் பிறகு இந்தியாவில் இவ்வசதி நடுத்தரக் குடும்பத்தார் வாங்கும் கார்களுக்கும் பரவியது.

இத்திரையை இயக்கும் மென்பொருளை உருவாக்க எந்தக் கருவிகளைத் தேர்வது என்பதே நம் ஆராய்ச்சிக்குரிய பொருள். இத்தேர்வு பல இடங்களில் நடைபெறும் முறை குறையுடையது என்பது என் கருத்து. அக்குறை என்ன என்பதை உண்மையில் நிகழ்ந்த சில நிகழ்ச்சிகளைக் கொண்டு காண்போம்.

கருவிகள் எவை?

வீடு கட்டுவதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். முதலில் அஸ்திவாரம். மென்பொருளில் அது இயக்க முறைமை. கனடாவில் 1980-இல் பிறந்த கியூ.என்.எக்ஸ்., யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய லினக்ஸ், கூகிளின் ஆண்ட்ராய்டு ஆட்டோமோட்டிவ் ஆகிய மூன்றும் கார்களில் பெரிதும் வழங்குவன. அடுத்தது செங்கல். அது நிரல் எழுதும் மொழி: சி, சி++, ஜாவா, கோட்லின் முதலியன. மூன்றாவது மேற்பூச்சு. திரையில் எழுத்தையும் படத்தையும் வரைவதற்குக் கியூட்டி போன்ற ஆயத்தத் தொகுப்புகள் உள்ளன. நான்காவது கொத்தனாரின் தூக்குக்குண்டும் ரசமட்டமும். எழுதிய நிரல் நேராக நிற்கிறதா எனச் சோதிக்கும் கருவிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. சி மொழியைக் காரில் பாதுகாப்பாகக் கையாள 1998-இல் வெளியான மிஸ்ரா விதிகளும், அவற்றை மீறும் வரிகளைச் சுட்டும் நிரல்களும் இதற்கு எடுத்துக்காட்டு.

இவற்றுள் எதைத் தேர்வது எனும்போது வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகள் மூன்று. எது விரைவில் முடியும்? எதற்கு ஆள் எளிதில் கிடைப்பர்? எது காட்சியறையில் கண்ணைக் கவரும்? இவை தவறான கேள்விகள் என்று சொல்ல முடியாது. ஆனால் செல்பேசி செய்பவரும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறார். காருக்கே உரிய கேள்வி இவற்றில் ஒன்றுகூட இல்லை.

நம் நாட்டில் ஒரு சொந்தக் காரின் பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்குச் செல்லும். நன்கு பேணினால் அதற்குப் பிறகும் அதைப் புதுப்பிக்கலாம். ஒரு செல்பேசியை நாலைந்து ஆண்டு வைத்திருந்தாலே நாம் அதைப் பழையது என்கிறோம். ஆண்ட்ராய்டில் ஆண்டுதோறும் ஒரு புதிய பதிப்பு வருகிறது. லினக்ஸ் கருநிரலின் நீண்டகாலப் பதிப்புகள் சிலவற்றை ஆறாண்டு பேணுவதாக 2017-இல் அறிவித்தவர்கள், 2023-இல் அக்காலத்தை இரண்டாண்டாகக் குறைக்கப்போவதாகச் சொன்னார்கள். பதினைந்து ஆண்டு ஓடும் வண்டிக்குள் இரண்டாண்டே கவனிப்பாரைப் பெற்ற ஒரு பொருளைப் பதித்துவிட்டால், மீதிப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு அதற்குப் பொறுப்பேற்பவர் யார்? தேர்வுக் குழுவில் முதலில் எழ வேண்டிய வினா இது.

அஸ்திவாரம் மூன்று முறை மாறிய கதை

ஃபோர்டு நிறுவனம் 2007-இல் 'சிங்க்' என்னும் அமைப்பை மைக்ரோசாஃப்டின் மென்பொருள்மீது கட்டியது. 2010-இல் தொடுதிரையுடன் அதன் விரிவான வடிவம் வந்தது. திரை உறைந்து நிற்கிறது, குரலைப் புரிந்துகொள்ளவில்லை என்று வாங்கியோர் குறை கூறினர். ஜே.டி. பவர் நடத்திய 2011-ஆம் ஆண்டுப் புதுக்கார்த் தர ஆய்வில் ஃபோர்டு 5-ஆம் இடத்திலிருந்து 23-ஆம் இடத்துக்கு இறங்கியது. அவ்விறக்கத்துக்கு இத்திரை ஒரு முக்கியக் காரணம். எஞ்சினையும் பிரேக்கையும் விடக் கண்ணெதிரே இருக்கும் திரைதான் நிறுவனத்தின் பெயரைக் கெடுத்தது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

2014 டிசம்பரில் ஃபோர்டு அஸ்திவாரத்தை மாற்றியது. 'சிங்க் 3' கியூ.என்.எக்ஸ். மீது எழுந்தது. மறைமலைநகரில் செய்யப்பட்ட ஈகோஸ்போர்ட் காரின் உயர் வகைகளில், 2017 நவம்பர் முதல், இந்த 'சிங்க் 3' இடம்பெற்றது. பிறகு 2021 பிப்ரவரியில், வருங்காலக் கார்களுக்கு ஆண்ட்ராய்டைக் கொள்வதாகக் கூகிளுடன் ஃபோர்டு உடன்பாடு கண்டது. பதினான்கு ஆண்டில் மூன்று அஸ்திவாரங்கள்!

அதே 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அந்நிறுவனம் அறிவித்தது. 2022-இல் மறைமலைநகரில் கார் உற்பத்தி நின்றது. ஏற்றுமதிக்காக ஆலையை மீண்டும் பயன்படுத்தும் விருப்பத்தை 2024-இல் தமிழக அரசிடம் தெரிவித்தது. அது எவ்வாறாயினும், 2017-இல் ஈகோஸ்போர்ட் வாங்கியவரின் பதிவுச் சான்று 2032 வரை செல்லும். அவர் வண்டியில் இருப்பது இரண்டாவது அஸ்திவாரம். நிறுவனத்தின் நாட்டமோ மூன்றாவதன்மீது. கருவியை மாற்றுவது நிறுவனத்துக்கு ஒரு கூட்டத்தில் எடுக்கும் முடிவு. வாங்கியவர் தம் வண்டியில் இருப்பதை மாற்றிக்கொள்ள வழியில்லை.

ஒரு படமும் ஒரு வானொலியும்

2022 ஜனவரி இறுதியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒரு விந்தை நிகழ்ந்தது. 2014 முதல் 2017 வரை செய்யப்பட்ட மஸ்தா கார்கள் சிலவற்றில், 94.9 மெகாஹெர்ட்சில் ஒலிபரப்பாகும் ஒரு வானொலி நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் திரை திடீரென அணைந்து அணைந்து எரியத் தொடங்கியது. வானொலி அந்த ஒரு நிலையத்திலேயே சிக்கிக்கொண்டது. வேறு நிலையத்துக்கு மாற்ற இயலவில்லை. பின்புறக் கேமராவும் வேலை செய்யவில்லை.

காரணம் இது. அந்நிலையம் தன் எண்முறை ஒலிபரப்புடன் சிறு படங்களையும் அனுப்பி வந்தது. அவற்றுள் சில கோப்புகளின் பெயரில், 'இது இன்ன வகைப் படம்' எனக் காட்டும் கடைசிப் பகுதி விடுபட்டுப்போயிற்று. பெயரின் வால் இல்லாத கோப்பைக் கண்ட மஸ்தாவின் பழைய மென்பொருள் திகைத்து வீழ்ந்தது, மீண்டும் எழுந்தது, அதே கோப்பைக் கண்டு மீண்டும் வீழ்ந்தது. பழுதான பகுதியை மாற்ற ஏறத்தாழ 1,500 டாலர் ஆகும் என்ற நிலையில், மஸ்தா அதை இலவசமாக மாற்றித் தர முன்வந்தது.

இங்கே குறை சோதனைக் கருவியில் உள்ளது. நல்ல கோப்பைத் தந்து 'படம் தெரிகிறதா?' என்று பார்ப்பது பாதிச் சோதனையே. கெட்ட கோப்பு, அரைகுறைக் கோப்பு, பெயரற்ற கோப்பு என்று ஆயிரக்கணக்கில் தாறுமாறாகத் தந்து, 'விழாமல் நிற்கிறதா?' என்றும் பார்க்க வேண்டும். இதனைத் தானே செய்யும் கருவிகள் கிடைக்கின்றன. ஆனால் அவற்றின் பயன் காட்சியறையில் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே செலவைக் குறைக்கும்போது முதலில் கை வைக்கப்படுவது இவற்றின்மீதே.

எழுதி எழுதித் தேய்ந்த நினைவகம்

அடுத்த நிகழ்ச்சி இயற்பியல் மாணவர்களுக்கு உரியது. டெஸ்லாவின் மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களில் திரைக் கணிப்பொறியுடன் 8 கிகாபைட் அளவுள்ள ஒரு ஃபிளாஷ் நினைவகம் இருந்தது. 2021 பிப்ரவரியில், அந்நினைவகம் தேய்ந்துபோவதன் காரணமாக, ஏறத்தாழ 1,35,000 கார்களை டெஸ்லா திரும்ப அழைக்க நேர்ந்தது. நினைவகம் தேயுமா என்று வாசகர்கள் வியக்கலாம். தேயும்.

ஃபிளாஷ் நினைவகத்தின் ஒவ்வொரு சிற்றறையிலும் ஆக்சைடு காப்புப் படலத்தால் சூழப்பட்ட ஒரு மிதக்கும் மின்வாய் உண்டு. அதற்குள் எலெக்ட்ரான்கள் அடைபட்டிருப்பது ஒரு குறி. இல்லாதிருப்பது மற்றொரு குறி. காப்புப் படலத்தைத் தாண்ட எலெக்ட்ரானுக்குப் போதிய ஆற்றல் இல்லை. ஆயினும் வலிய மின்புலத்தில், குவாண்டம் விதிப்படி, அது படலத்தை ஊடுருவிச் செல்கிறது. எழுதும்போது உள்ளே, அழிக்கும்போது வெளியே. ஒவ்வொரு முறையும் படலத்தில் சிறு சிறு சிதைவுகள் உண்டாகின்றன. ஒரு கட்டத்தில் அப்படலம் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறனை இழக்கிறது. டெஸ்லாவில் இருந்த வகைக்கு அந்த எல்லை ஏறத்தாழ 3,000 முறை என அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் குறிப்பிட்டது.

இனி ஒரு கணக்குப் போடுவோம். எல்லா அறைகளும் சமமாகத் தேய்வதாகக் கொண்டால், மொத்தம் எழுதக்கூடிய அளவு 8 × 3,000 = 24,000 கிகாபைட். 15 ஆண்டு என்பது ஏறக்குறைய 5,475 நாள். வகுத்தால் நாளொன்றுக்கு 4.4 கிகாபைட் வருகிறது. ஆனால் இந்நினைவகத்தில் ஒரு வரியை மட்டும் அழித்து எழுத முடியாது. ஒரு முழுத் தொகுதியையே அழிக்க வேண்டும். ஒரு சொல்லைத் திருத்தப் பக்கம் முழுவதையும் படியெடுப்பது போன்றது அது. இதனால் உண்மையில் எழுதப்படுவது நான்கு மடங்கு ஆகிறது என்று வைத்துக்கொண்டால், நிரலுக்கு நாளொன்றுக்குக் கிடைப்பது 1.1 கிகாபைட்தான். பள்ளி மாணவரும் போடக்கூடிய கணக்கு இது!

அக்கார்களின் மென்பொருள், தான் செய்வதையெல்லாம் ஓயாமல் நாட்குறிப்பாக நினைவகத்தில் எழுதி வந்தது. இவ்வாறு குறித்துவைப்பது நிரலாளருக்கு இன்றியமையாத ஓர் உருவாக்கக் கருவி. பிழை எங்கே நேர்ந்தது என்று கண்டுபிடிக்க அது உதவும். கட்டுமான வேலை முடிந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுவது போல, கார் விற்பனைக்கு வரும்போது இதையும் குறைத்திருக்க வேண்டும். நினைவகம் தேய்ந்தபோது பின்புறக் கேமராவும், கண்ணாடியில் படியும் பனியை நீக்கும் அமைப்பின் கட்டுப்பாடும் கெட்டன. பழைய சில்லுக்குப் பதில் 64 கிகாபைட் சில்லு பொருத்தப்பட்டது. அதே வேகத்தில் எழுதினாலும் எட்டு மடங்கு காலம் தாங்கும் என்பது மேற்கண்ட கணக்கிலிருந்து விளங்கும்.

சென்னைக் கோடையில் வெயிலில் நிற்கும் வண்டியை இத்துடன் எண்ணிப் பாருங்கள். வெப்பம் ஏறினால் அறைகளில் தேங்கிய மின்னூட்டம் இன்னும் விரைவில் கசியும். குளிர்பதன அறையில் மேசைமீது வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு, 'வேலை செய்கிறது' என்று சொல்வது போதாது.

நல்ல கருவியும் திறந்த கதவும்

'அப்படியானால் விலை உயர்ந்த, பெயர்பெற்ற கருவியை வாங்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது அன்றோ?' என்று சிலர் கேட்கலாம். தீராது என்பதற்குச் சான்று 2015 ஜூலையில் கிடைத்தது. சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்னும் இரு ஆய்வாளர்கள், நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோகி காரைப் பல கல் தொலைவிலிருந்து, செல்பேசி வலை வழியாகக் கட்டுப்படுத்திக் காட்டினர். அதன் திரை அமைப்பு, நம்பகமானது எனப் பெயர்பெற்ற கியூ.என்.எக்ஸ். மீதுதான் இயங்கியது. ஆனால் அதன்மேல் கட்டியவர்கள், உட்பகுதிகள் தம்முள் செய்தி பரிமாறும் வாயில் ஒன்றை வெளி வலைக்குத் திறந்து விட்டிருந்தனர். எஞ்சின், பிரேக்கு ஆகியவற்றுடன் பேசும் சில்லு தனியே இருந்தது உண்மை. எனினும் புதிய நிரலை ஏற்குமுன், 'இது தயாரிப்பாளரிடமிருந்து வந்ததுதானா?' என்று அது கையொப்பம் பார்க்கவில்லை. விளைவு, 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன.

அஸ்திவாரம் உறுதியானது, வீட்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை. கருவியின் பெயரைப் பார்த்து மட்டும் தேர்வு செய்வோருக்கு இது ஓர் எச்சரிக்கை. இத்தகைய நிகழ்ச்சிகளின் பின்னணியில்தான் 2020 ஜூனில் ஐ.நா. அமைப்பின் கீழ் ஆர்-155, ஆர்-156 என்னும் விதிகள் ஏற்கப்பட்டன. முன்னது வண்டியின் கணிப்பொறிப் பாதுகாப்பு பற்றியது. பின்னது மென்பொருள் புதுப்பித்தல் பற்றியது. அவற்றையொட்டி நம் நாட்டிலும் ஏ.ஐ.எஸ். 189, 190 ஆகிய தர வரையறைகள் வகுக்கப்பட்டுள்ளன.

மறுதரப்பின் நியாயம்

ஆண்ட்ராய்டை ஆதரிப்போர் கூறுவதிலும் உண்மை உண்டு. அதில் பழகிய நிரலாளர் நம் ஊர்களில் ஏராளம். வரைபடம், குரல் உதவி முதலியன ஆயத்தமாகக் கிடைக்கின்றன. அடிப்படை நிரல் திறந்த மூலம். கூகிளின் வரைபடம் போன்றவற்றுக்குத்தான் உடன்பாடு வேண்டும். கியூ.என்.எக்ஸ். போன்ற வணிகக் கருவிகளுக்கோ உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். குறைந்த விலைக் காரில் ஒவ்வொரு ரூபாயும் கணக்கில் வரும்.

இந்த நியாயத்தை ஏற்றுக்கொண்டே ஒன்று சொல்லலாம். திரை முழுவதையும் ஒரே கருவியில் கட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விரைவில் பழசாகும் பகுதியையும் நின்று நிலைக்க வேண்டிய பகுதியையும் பிரித்து வைக்கலாம். ஒரே சில்லில் இரண்டு இயக்க முறைமைகளைத் தடுப்புச் சுவருடன் ஓட்டும் முறை இன்று வழக்கில் உள்ளது. வேகமானி முதலியன ஒரு பக்கம், பாட்டும் படமும் மறு பக்கம். ஒன்று வீழ்ந்தாலும் மற்றது நிற்கும்.

இன்னும் எளிய பிரிவினையும் உண்டு. 2014-இல் அறிவிக்கப்பட்ட ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே ஆகியவை காருக்குள் பதிக்கப்பட்ட இயக்க முறைமைகள் அல்ல. நம் செல்பேசியில் ஓடுவதைக் காரின் திரையில் காட்டுபவை. பெயர் ஒற்றுமையால் பலர் ஆண்ட்ராய்டு ஆட்டோவையும் ஆண்ட்ராய்டு ஆட்டோமோட்டிவையும் குழப்பிக்கொள்கின்றனர். முன்னதில் செல்பேசியை மாற்றினால் வரைபடமும் பாட்டுச் செயலியும் தாமே புதியவை ஆகிவிடுகின்றன. பழையதாவது செல்பேசி, கார் அன்று. 2023-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் வருங்கால மின்கார்களில் இவ்வசதியை நீக்குவதாக அறிவித்தது. வாங்குவோர் நலன் என்ற கோணத்தில் இது பின்னோக்கிய அடி என்றே கருதுகிறேன்.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஆக, தேர்வு செய்வோர் விரைவு, ஆள், அழகு ஆகியவற்றுக்கு முன் கேட்க வேண்டியவை இவை.

ஒன்று: இக்கருவியை எத்தனை ஆண்டு பேணுவதாக எழுத்தில் உறுதி தரப்பட்டுள்ளது? 2016-இல் தொடங்கிய சிவில் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பிளாட்ஃபார்ம் என்னும் கூட்டு முயற்சி, தேர்ந்தெடுத்த லினக்ஸ் கருநிரல்களைக் குறைந்தது பத்தாண்டு பேணும் நோக்குடையது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இதுவே சான்று. உறுதி தருவோர் இல்லையெனில், தொகுப்பி உட்பட எல்லாக் கருவிகளின் அதே பதிப்புகளையும் நிறுவனமே பாதுகாத்து வைக்க வேண்டும். இல்லாவிடில் பத்தாண்டு கழித்து ஒரு வரியைத் திருத்தவும் வழியிராது.

இரண்டு: வெளித் தொடர்பு அற்றுப்போனால் எது எஞ்சும்? 2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் மூன்றாம் தலைமுறை வலையை மூடியபோது, அதை நம்பியிருந்த பழைய கார்கள் பலவற்றின் இணைப்பு வசதிகள் ஒரேயடியாக ஓய்ந்தன.

மூன்று: திரை வீழ்ந்தாலும் பாதுகாப்பு நிற்குமா? அமெரிக்க விதிப்படி, பின்கியரைப் போட்ட இரண்டு வினாடிக்குள் பின்புறக் காட்சி தோன்ற வேண்டும். பாட்டுச் செயலி விழித்தெழும்வரை கேமரா காத்திருக்கும்படி அமைத்தால் இது நடவாது.

நான்கு: நினைவகம் எத்தனை ஆண்டு தாங்கும் என்ற கணக்கைப் போட்டவர் யார்?

ஐந்து: நம் மொழி சரியாகத் தெரிகிறதா? 'கொ' என்ற எழுத்தில் கொம்பு முன்னும் கால் பின்னும் வர வேண்டும். எழுத்துகளைக் கோக்கும் உட்கருவி இல்லாத திரையில் பாட்டின் பெயர் உடைந்து சிதறித் தெரியும். ஹார்ஃபஸ் போன்ற திறந்த மூலக் கருவிகள் இதை நன்கு செய்கின்றன. கருவியைத் தேர்கையில் இதைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். கார் வெளிவந்தபின் திருத்துவது பெரும்பாடு.

இத்துறைக்குச் செல்ல விரும்பும் மாணவர்களுக்கு ஒரு சொல். 'கோட்லின் படிக்கட்டுமா, சி++ படிக்கட்டுமா?' என்று கல்லூரியில் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். இரண்டில் எதைப் படித்தாலும் நன்றே. மொழிகள் மாறும். காப்புப் படலத்தை எலெக்ட்ரான் ஊடுருவுவதும், வெப்பம் ஏறினால் மின்னூட்டம் கசிவதும் மாறப் போவதில்லை. நாளைக்கு நீங்கள் ஒரு தேர்வுக் கூட்டத்தில் உட்காரும்போது, 24,000-ஐ 5,475-ஆல் வகுத்துப் பார்க்கச் சொல்பவராக இருங்கள். அக்கூட்டத்தில் வராத ஒருவர் உண்டு. கடன் வாங்கிக் கார் எடுத்து, அதைப் பதினைந்து ஆண்டு ஓட்டப்போகும் குடும்பத் தலைவர் அவர். அவர் சார்பில் பேசவும் ஓர் ஆள் வேண்டும்.

கார் வாங்க இருப்போர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. திரையின் அகலத்தைக் கேட்கும் அதே மூச்சில், 'இதன் மென்பொருளை எத்தனை ஆண்டு புதுப்பித்துத் தருவீர்கள்? இணைப்புச் சந்தா முடிந்தபின் எவையெவை வேலை செய்யும்?' என்றும் கேளுங்கள். விடையை எழுத்தில் வாங்குங்கள். பலர் கேட்கத் தொடங்கினால், அக்கேள்வி விற்பனையாளரிடமிருந்து கருவியைத் தேர்வு செய்யும் மேசைவரை போய்ச் சேரும்.